இரண்டு கைகளாலும்

செஞ்சி
16-6-2024

அன்புள்ள தங்கை சுதாவுக்கு அக்கா தர்மவதி எழுதுவது. ஜெய் ஜினேந்திரா. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். சென்னையில் நம் பெண் கிருத்திகாவும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் குரு மாதாஜி எப்படி இருக்கிறார்கள்?

கைப்பேசியே வேண்டாம் என்று விட்டுவிட்டு நீ கர்நாடகத்துச் சமண ஆசிரமத்தில் போய் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இந்த எழுத்து வேலை வந்து சேர்ந்தது. தபால்காரர் கூட, "இன்னாக்கா, இந்தக் காலத்துல லெட்டரா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். என் தங்கை துறவியாகப் போகிறாள், அவளுக்கு வாட்ஸப் ஆகாது என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் சிரிப்பதில்லை, கவரை வணக்கமாக வாங்கிக்கொள்கிறார்.

தை மாதம் தீட்சை என்று முடிவானதாக எழுதியிருந்தாய். இத்தனை வருஷமாக நீ கேட்டது கிடைக்கப்போகிறது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலமெல்லாம் நீ அவளைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டிவிட்டு, உன் ஆசையை மூட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தாய். அது எனக்கு மறக்காது.

ஒரு சேதி. நம் வீட்டுப் பித்தளைக் குடம், அண்டா, அம்மாவின் வெண்கலப் பானை எல்லாவற்றையும் தொண்டூர்க் கோயில் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இப்போது எல்லாம் லேசான பாத்திரங்கள்தான். சமைக்கிறபோதும் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் சமைக்கிறேன். உன் மாமா, "இன்னா தர்மா, கலெக்டர் மாதிரி உக்காந்துக்கினு சமைக்கிற?" என்கிறார். ஆமாம், கலெக்டர்தான் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு உன் அக்கா,
தர்மவதி


ஆசிரமம்
4-7-2024

அன்புள்ள அக்காவுக்கு சுதாவின் வணக்கம். ஜெய் ஜினேந்திரா. நான் நலம். மாதாஜிக்குக் காலில் கொப்புளம், மற்றபடி நலம். மாமாவின் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். அம்மாவின் வெண்கலப் பானையையா கொடுத்தாய்? பொங்கலுக்கு நான் அதைத் தொட்டாலே, "ஓரமா போடி, கீறல் விழுந்துடும்" என்று துரத்துவாயே! கிருத்திகா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்பேன் என்று அதற்குத் தனியாகத் துணி உறை தைத்து வைத்தவள் நீ. அதைத் தானமாகக் கொடுத்ததை மழை பெய்தது என்பதுபோல ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துறவியாகப் போகிற நான் ஒரு பானைக்காகப் பதறலாமா என்று நீ கேட்பாய். பதறுவது பானைக்காக அல்ல. கொடுத்தது நீ என்பதால்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிது பெரிதாக இருக்கிறது? முத்து முத்தாக எழுதுவாயே. கண்ணாடியை மாற்ற வேண்டுமா?

பதில் எழுது.

அன்புடன்,
ஜெயசுதா


செஞ்சி
30-7-2024

அன்புள்ள சுதாவுக்கு, ஜெய் ஜினேந்திரா. எல்லோரும் சௌக்கியம். மாதாஜியின் கொப்புளம் ஆறியதா?

கண்ணில் ஒன்றும் இல்லை. தடிமனான பேனா வாங்கினேன், எழுத்தும் தடித்துவிட்டது. பானையைப் பற்றி இனி கேட்காதே. போனது போகட்டும்.

நம் வீட்டில் கொஞ்சம் மாறுதல்தான். மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். வளையலும் இல்லை. லேசாக இருக்கிறது. முன்போல ஊரெல்லாம் அலைவதும் கிடையாது. காந்தி பஜார் முனை வரைக்கும்தான், அதற்கு அப்பால் போவதில்லை என்று எனக்கு நானே எல்லை வைத்துக்கொண்டேன். திருநாதர்குன்றுக்குப் போனாலும் மேலே ஏறுவதில்லை, அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன். சாதம் ஒரு கரண்டி. இந்த உடம்பு இளைத்தால்தான் நல்லது. வீட்டு வேலையைப் பாதி செய்ததும் எழுந்து போய்க் கண்ணை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். முன்பெல்லாம் உட்கார்ந்தால் குற்றம் செய்ததுபோல இருக்கும். இப்போது இல்லை. எனக்கு வழிகாட்ட ஒருவர் கிடைத்திருக்கிறார். அவர் சொன்னபடி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறேன். விட விட நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நீ உன் படிப்பைப் பார். எங்களை நினைத்து மனதைக் கலைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
தர்மவதி


ஆசிரமம்
14-8-2024

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய் ஜினேந்திரா. நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அக்கா, ஒளிக்காமல் சொல். ஏதாவது விரதம் எடுத்திருக்கிறாயா? உனக்கு வழிகாட்டுகிறவர் யார்? நம் பக்கம் எந்த முனிவராவது வந்திருக்கிறாரா? மாமாவுக்குத் தெரியுமா?

இங்கே மாலை வகுப்பில் விரதங்களைப் பற்றிப் பாடம் நடக்கிறது. ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் உன் கடிதத்தை நினைத்துக்கொண்டு நோட்டை மூடிவிட்டேன். ஏன் என்று இப்போது எழுத மாட்டேன். எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உடனே பதில் போடு.

சுதா


செஞ்சி
22-9-2024

அன்புள்ள சுதாவுக்கு, ஜெய் ஜினேந்திரா. பதில் தாமதம். நிறைய எழுத முடியவில்லை.

நீ கேட்டதற்கெல்லாம் உன் தீட்சை முடிந்த பிறகு சொல்கிறேன். அதுவரை கேட்காதே. கிருத்திகாவுக்கும் சொல்லவில்லை. உன் மாமாவுக்குத் தெரியும், அவர் முதலில் அழுதார், இப்போது பழகிக்கொண்டார்.

தர்மவதி


ஆசிரமம்
3-10-2024

அக்கா,

நலம் கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தை விட்டாய், நகையை விட்டாய், ஊர் எல்லையைச் சுருக்கினாய், சாதத்தைக் குறைத்தாய், உடம்பு இளைக்கட்டும் என்கிறாய், கண்ணை மூடி உட்காருகிறாய். மாமா அழுது ஓய்ந்துவிட்டார் என்கிறாய். நீ சல்லேகனை எடுத்திருக்கிறாய். உடைமையையும் உணவையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உடம்பை மெலியவைத்து, விரும்பி உயிரை விடுகிற விரதம் எது என்று நேற்று மாலை வகுப்பில்தான் நான் ஒப்பித்தேன். ஒப்பிக்கிறபோதே எனக்கு நாக்கு குழறியது. மாதாஜி நிமிர்ந்து பார்த்தார்கள்.

திருநாதர்குன்றில் உண்ணாமல் இருந்து உயிர் விட்டவரைப் பற்றிக் கல்லில் வெட்டியிருக்கிறதே, சின்ன வயதில் அந்த எழுத்துக்களின் மேல் நாம் இரண்டு பேரும் விரலை ஓட்டி விளையாடினோம். அது யாரோ ஒருவர், அக்கா. ஊரில் வேறு யாராவது எடுத்திருந்தால் நானே போய் வணங்குவேன். நீ எடுத்தால் என்னால் வணங்க முடியாது. பற்றை விடத்தான் இங்கே வந்தேன். பற்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீ கிழவி இல்லை, உனக்குத் தீராத நோயும் இல்லை, குருவின் அனுமதி இல்லாமல் இதை எடுக்கவும் கூடாது. எந்தக் குரு கொடுத்தார்? அவர் பெயரை எழுது, நானே போய்க் கேட்கிறேன்.

அவசரத்துக்கு மட்டும் என்று இருக்கிற அலுவலகப் போனில் உன் எண்ணுக்குப் பேசச் சொன்னேன். மணி அடித்து அடித்து நின்றது. மாமா எண் அணைத்திருந்தது. மேனேஜர் பாவம் பார்த்து, செஞ்சிக் கோயில் செயலாளர் விமல்ராஜின் எண்ணைத் தேடிப் பிடித்து, "தர்மவதி அம்மா சல்லேகனை எடுத்திருக்காங்களான்னு விசாரிங்க" என்று சொல்லியிருக்கிறார். விமல்ராஜ், "நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

எனக்காக ஒரு வாய் சாப்பிடு. இதைக் கேட்பது பாவமா என்று தெரியவில்லை. பாவமாகவே இருக்கட்டும்.

சுதா


செஞ்சி
13-10-2024

அடி பைத்தியக்காரி சுதா,

ஜெய் ஜினேந்திரா. நான் உயிரோடு இருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறேன். இதை மட்டும் உன் ஆசிரமத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மற்றதை மேனேஜர் காதில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். கை வலிக்கும்போது நிறுத்தி, மறுபடியும் எழுதுவேன். அதனால் இது இரண்டு நாள் கடிதம்.

முதலில் நீ செய்த காரியத்தைக் கேள். விமல்ராஜ் விசாரிக்கவில்லை. பூஜை முடிந்ததும், நான் சல்லேகனை எடுத்திருப்பதாகக் கோயிலில் அறிவித்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் சமையற்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன், அதன் பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ. தொண்டூரிலிருந்து, அனந்தபுரத்திலிருந்து, பெண்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் தேங்காய், வாழைப்பழம், விரதக்காரிக்கு உடுத்த ஒரு வெள்ளைப் புடவை. பாடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். முதலில் வந்த தொண்டூர் ரஞ்சிதம் என்னைப் பார்த்ததும் தடால் என்று என் காலில் விழுந்துவிட்டாள். நான் வாயில் இட்லியோடு பேந்தப் பேந்த விழித்தேன். அவள் எழுந்து பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பாட்டு நின்றுபோனது.

"இன்னாம்மா, சாப்டுறீங்க?" என்றாள்.

"சாப்டாம இன்னா பண்றது? மாத்திரை போடணுமே" என்றேன்.

இதற்குள் யாரோ, வேர்க்கடலை எடை போட்டுக்கொண்டிருந்த உன் மாமாவிடம் மல்லாட்டைக் குடோனுக்கே போய், "உங்க ஊட்டாண்ட கூட்டமா இருக்குது, வெள்ளப் புடவ எல்லாம் வந்துருக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்து அவர் செருப்பில்லாமல் ஓடிவந்து, நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நான் இருக்கிறேன் என்று காட்டுவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. வந்தவர்களுக்கு அந்தத் தேங்காயையே உடைத்துக் கொடுத்து அனுப்பினோம். புடவையை ரஞ்சிதம் வைத்துவிட்டே போய்விட்டாள். "எடுத்தாந்தத திருப்பி எடுத்துக்கினு போவக்கூடாதும்மா" என்றாள்.

உன் போனை நான் எடுக்காததற்கும் காரணம் உண்டு. அது நான் ஓய்வாக உட்காருகிற நேரம். போனை அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. உன் மாமா போனில் சார்ஜ் இருந்த நாளே கிடையாது.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு உனக்குத் தெரியாமல் இருப்பதில் அர்த்தமில்லை.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். போன மாசியிலேயே ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்களை விரிக்க முடியாது. சட்டைப் பித்தான் போட முடியாது. தண்ணீர் வடிகட்டுகிற துணியைப் பிழிகிறபோது மணிக்கட்டில் ஊசி ஏற்றுவதுபோல வலி. ஒருநாள் அம்மாவின் வெண்கலப் பானை கை நழுவிக் காலருகே விழுந்தது. அன்றைக்குத்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு வழிகாட்டுகிறவர் முனிவர் இல்லை, அங்கே வேலை செய்கிற மோனிகா என்கிற பெண். மூட்டு கெடாமல் வீட்டு வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தருவதுதான் அவளுக்கு உத்தியோகம். கனத்த பாத்திரத்தைக் கொடுத்துடுங்க, தடிச்ச பேனாவால எழுதுங்க, உட்கார்ந்து செய்யுங்க, பாதியில ஓய்வெடுங்க, தூரமா நடக்காதீங்க, முட்டிக்கு பாரம் குறைய உடம்பைக் குறையுங்க, விரல் வீங்குது, மோதிரத்தைக் கழட்டுங்க என்றாள். இதுதான் உன் சல்லேகனை.

உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாய். உன் நல்ல வயதை அம்மா எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் அக்கா,
தர்மவதி


ஆசிரமம்
24-10-2024

அக்காவுக்கு, ஜெய் ஜினேந்திரா.

முதல் பக்கம் படித்துச் சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன். மாமாவிடம் நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இரண்டாம் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அக்கா, அம்மாவுக்கு வந்ததும் இதுதானே? எல்லோரும் வாதம், வயசு என்று சொன்னார்கள். விரல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். எந்த வருஷம் எது போனது என்று எனக்கு மனப்பாடம். கடைசியில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட முடியாமல் கண்ணாலேயே என்னைக் கூப்பிடுவாள். உன்னை அந்தக் கட்டிலில் வைத்து என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ பட்டினி கிடக்கிறாய் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை.

நான் வருகிறேன். மாதாஜியிடம் சொல்லிவிட்டேன். "முடிவு உன்னுடையது, ஆனால் அக்காவைக் கேட்டுவிட்டுப் போ" என்றார்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? தீட்சை எங்கேயும் போய்விடாது. உனக்கு யார் துணி பிழிவார்கள்? யார் தலை வாரிவிடுவார்கள்? மாமாவுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கவே தெரியாது.

பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுதா


செஞ்சி
5-11-2024

அன்புள்ள சுதாவுக்கு, ஜெய் ஜினேந்திரா. இங்கே இரண்டு நாளாக மழை. கோட்டை மலை தெரியவே இல்லை. நாங்கள் சௌக்கியம்.

நீ வந்தால் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போவாய். பூட்டைத் திறக்கவும் எனக்கு இப்போது தெரியும். சாவித் தலையில் ஒரு கட்டை மாட்டியிருக்கிறேன், உள்ளங்கையால் திருப்பினால் திறக்கும்.

அம்மாவுக்கும் இதுதான். நானும் அதைத்தான் மோனிகாவிடம் முதல் நாளே கேட்டேன், எனக்கும் அப்படியே ஆகிவிடுமா என்று. அவள், "உங்க அம்மாவுக்கு மருந்தும் இல்ல, யாரும் சொல்லியும் குடுக்கல. உங்களுக்கு ரெண்டும் இருக்குது. ஆனா கேரண்டி எல்லாம் நான் தர மாட்டேன்" என்றாள். அந்தக் கடைசிப் பேச்சுக்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. அம்மா எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பார். உயிர் போகிற வலியோடு துணியை முறுக்கிப் பிழிந்து, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, வேலை முடிந்த பிறகுதான் உட்காருவாள். நாமும் அதைப் பெருமையாகப் பேசுவோம். நான் வலி வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, ஓய்வுக்கு மோனிகா வைக்கச் சொன்ன அலாரம் அடித்தது, அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். ரசம் ஆறினால் என்ன, ஓடியா போகும்?

வடிகட்டுகிற துணியை இப்போது முறுக்குவதில்லை. குழாயில் சுற்றி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடுகிறது. குழம்புச் சட்டியைத் தூக்குவதில்லை, மேடை மேலேயே தள்ளிக்கொண்டு போகிறேன். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுகிறேன். கதவை இடுப்பால் இடித்துத் திறப்பதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். எதுவானாலும் ஒரு கைக்கு வேலை கொடுத்தால் இரண்டு கைக்கும் கொடு என்பது அவள் சட்டம். உன் மாமாவிடமும் சொன்னேன், அவருக்கும் வயதாகிறதே என்று. "ஒரு டம்ளருக்கு ரெண்டு கையா? டம்ளர் இன்னா யானையா? நான் மல்லாட்ட மூட்டையவே ஒத்தக் கையில இழுக்கறவன்" என்கிறார். ஆனால் தலை வாரிவிடுவது அவர்தான். நேர் வகிடு இன்னும் வரவில்லை.

தண்ணீர் கொதிக்கவைக்கக் கற்றுக்கொண்டார். ஆகவே உனக்கு இங்கே வேலை இல்லை.

உனக்கு ஒன்று செய்ய வேண்டும் என்றால் இதைச் செய். தீட்சை எடுத்த பிறகு நீ பாத்திரத்தில் சாப்பிட மாட்டாய், உன் இரண்டு உள்ளங்கையிலும் நாங்கள் இடுவதைத்தான் சாப்பிடுவாய். அந்த முதல் ஆகாரத்தை நான் தர வேண்டும் என்று ஆசை. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. கொடுக்கிறவர் கையிலிருந்து பாத்திரம் விழுந்தால் அந்தராயம், அத்தோடு நீ எழுந்துவிட வேண்டும், மறுநாள் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது என்று தெரியும். வெண்கலப் பானை விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஒதுங்கி நிற்கட்டுமா? உன் மாமா தரட்டும்.

உன் அக்கா,
தர்மவதி


ஆசிரமம்
20-1-2025

அன்புள்ள அக்காவுக்கு சுதாவின் வணக்கம். ஜெய் ஜினேந்திரா. இங்கே எல்லோரும் நலம். உன் விரல் வீக்கம் வடிந்திருக்கிறதா?

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், நான் ஒவ்வொரு நாளும் பையைக் கட்டி, ஒவ்வொரு நாளும் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பையையே வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்காக அல்ல என்று பொய் சொல்ல மாட்டேன். நீ பூட்டிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே எங்களுக்குத் தினமும் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும், வைப்பதற்கு முன் பார்க்க வேண்டும், மெதுவாக வைக்க வேண்டும். பூச்சி புழு நசுங்கிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு இன்னும் கை வரவில்லை, சொம்பை நங்கென்று வைத்துத் திட்டு வாங்குகிறேன். நீ உன் சமையற்கட்டில் அதைத்தான் செய்கிறாய் என்று மாதாஜியிடம் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, "அப்படியானால் உன் அக்காவைக் கொண்டு வந்து உனக்கு வகுப்பு எடுக்கச் சொல்" என்றார்கள்.

நீ ஒதுங்கி நிற்கக் கூடாது. முதல் வாய் நீதான் தர வேண்டும். பாத்திரம் விழுந்தால் விழட்டும். ஒருநாள் பசி எனக்கு ஒன்றும் இல்லை. நீ ஓரமாக நின்றால் அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்காது.

தீட்சைக்குப் பிறகு நான் கடிதம் எழுத மாட்டேன், அக்கா. நீ எழுதினால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். எனக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். இந்தப் பெயரில் எழுதும் கடைசிக் கடிதம் இது. அதனால் முழுப் பெயரையும் எழுதுகிறேன்.

உன் தங்கை,
ஜெயசுதா


செஞ்சி
23-2-2025

மாதாஜி அவர்களின் பாதங்களுக்கு தர்மவதியின் வந்தாமி. தங்கள் ரத்னத்ரயம் நலமாக விளங்க வேண்டுகிறேன். நீங்களும் இப்போது மாதாஜிதான், துறவிகளை இப்படித்தான் வணங்கித் தொடங்க வேண்டும் என்று விமல்ராஜ் சொல்லிக்கொடுத்தார். நானும் உங்கள் மாமாவும், அதாவது என் வீட்டுக்காரரும், நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். இதற்குப் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தீட்சை மேடையில் நீங்கள் உங்கள் தலைமுடியை உங்கள் கையாலேயே பிடுங்கியபோது கிருத்திகா முகத்தை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. எனக்கு ரத்தம் தெரியவில்லை, முடி தெரியவில்லை. உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விரலாவது வீங்கியிருக்கிறதா, எதையாவது மடக்கச் சிரமப்படுகிறீர்களா என்று. ஒன்றும் இல்லை, எல்லாம் நேராக இருந்தன. அதற்கப்புறம்தான் அழுதேன்.

மறுநாள் ஆகாரம். நீங்கள் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினீர்கள். நான் மோனிகா சொன்னபடி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சின்னக் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கி வெந்நீர் ஊற்றினேன். பிறகு பால். விரலை நம்பவில்லை, உள்ளங்கையை நம்பினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அடுத்து என் வீட்டுக்காரர் முறை.

அவர் கஞ்சிச் சொம்பை விளிம்பில் பிடித்து ஒற்றைக் கையால் எடுத்தார். தோளில் கிடந்த முடி எல்லாம் போய் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த உங்களைப் பக்கத்தில் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்பு நழுவியது.

அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. கஞ்சி எங்கள் கால் வரைக்கும் ஓடியது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டோம். யாரோ "அய்யோ" என்றார்கள். மல்லாட்டை மூட்டையை ஒற்றைக் கையில் இழுக்கிற மனுஷன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் நாள், முதல் ஆகாரம், நாலு வாய்த் தண்ணீரும் ரெண்டு வாய்ப் பாலும்தான் உள்ளே போயிருக்கும். நீங்கள் ஏந்திய கையை விரித்து எழுந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு முழுக்க அவர் ஆசிரமத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரெண்டு கையால புடிச்சிருக்கணும் தர்மா" என்றார். சொல்லிக்காட்ட எனக்கு வாய் வராத ஒரே நாள் அதுதான். மறுநாள் அவர் அதே சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்ததும், நீங்கள் கடைசி வாய் வரைக்கும் வாங்கிக்கொண்டதும் உங்களுக்கே தெரியும். இப்போது வீட்டில் காப்பி டம்ளரைக்கூட அப்படித்தான் பிடிக்கிறார்.

ஒன்றே ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொம்பு விழுந்த உடனே நீங்கள் கீழே பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கண்ணை உயர்த்தி நேராக என் கைகளைத்தான் பார்த்தீர்கள். விழுந்தது என்னுடையதோ, இனி ஆயுசுக்கும் நான் அதை நினைத்து மாய்ந்துபோவேனோ என்று பயந்துதானே? பற்றெல்லாம் விட்டாயிற்று என்று முந்தின நாள்தான் ஊரறியச் சொன்னீர்கள். உங்கள் குரு மாதாஜியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

கிண்ணம் என் கையில்தான் இருந்தது, சுதா. இரண்டு கையிலும் இருந்தது. இன்னும் இருக்கும்.

மன்னிக்க வேண்டும், பழைய பெயரை எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் விரல் வலிக்கும், அப்படியே அனுப்புகிறேன்.

வந்தாமி.

தர்மவதி